சின்னம்மாவின் கணக்கில் இருந்து வந்த லிங்க்: அம்மா இனி பேஸ்புக் பாவிக்கலாமா?

நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். ஒட்டுசுட்டானில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு, ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவின் மெசஞ்சரில் இருந்து "இந்த வீடியோவில நிற்கிறது நீங்களா?" என்று ஒரு லிங்க் வந்தது. அம்மா அதைத் தொட்டார். பேஸ்புக் மாதிரியே ஒரு பக்கம் வந்து நம்பரும் பாஸ்வேர்டும் கேட்டது, கொடுத்துவிட்டார். அடுத்த நாள் அம்மாவின் பெயரில் ஊரில் பலரிடம் அவசரத்துக்குக் காசு கேட்டு மெசேஜ் போயிருக்கிறது. பக்கத்து வீதி அக்கா ஒருவர் 25,000 ரூபாய் போட்டும் விட்டார். அம்மா இப்போது பேஸ்புக்கே வேண்டாம் என்று அழுகிறார். போலி லிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது, போனுக்குள் வைரஸ் வந்திருக்குமா, அந்த அக்காவின் காசை நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் எழுத்தை வாசிக்க, அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மட்டும் போன் வைத்திருக்கும் ஒரு அம்மா, இனி ஏமாறாமல் இதைப் பாவிக்க முடியுமா? முடியும். அதற்கு அவர் லிங்க் வாசிக்கப் பழகத் தேவையில்லை. அதை விட லேசான, உறுதியான வழி இருக்கிறது.

நான் கிளிநொச்சியில் கணினி வகுப்பு நடத்துகிறேன். வகுப்பு முடிந்த பிறகு பறிபோன கணக்குகளோடு வந்து வாசலில் நிற்கிறவர்களோடு போகும் நேரம்தான் கூட. அப்படி வருகிறவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், காசு எண்ணுவதையே வேலையாக வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் படிக்காததால் ஏமாறவில்லை. தங்கச்சியின் பெயரில் வந்த ஒன்றை நம்பினார், அவ்வளவுதான். திருடன் குறி வைத்ததும் அந்த நம்பிக்கையைத்தான்.

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியவை. அம்மாவின் குரலிலேயே ஒரு வொய்ஸ் பதிவு செய்து வட்ஸ்அப்பில் குடும்பக் குழு, கோயில் குழு, அவர் இருக்கிற எல்லாக் குழுக்களுக்கும் போடுங்கள்: "என்ர பேஸ்புக்க ஆரோ எடுத்திட்டினம், அதில இருந்து காசு கேட்டா அனுப்பாதேங்கோ." எழுதிப் போட்டால் அதையும் திருடனே எழுதினான் என்று சிலர் நினைப்பார்கள். அம்மாவின் குரல் ஊருக்குத் தெரியும். சின்னம்மாவுக்கு மெசஞ்சரில் எழுதாமல் நேரே போன் எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய கணக்கும் போயிருக்கிறது, அது அவருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

அப்புறம் கணக்கை மீட்பது. அம்மா வழக்கமாகப் பாவித்த அதே போனில் இருந்து முயற்சி செய்யுங்கள். புதிய போனை விட, முன்பு பழகிய போனைப் பேஸ்புக் எளிதாக அடையாளம் காணும். பிரவுசரில் பேஸ்புக் டொட் கொம் என்று நீங்களே அடித்து, அதன் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'ஹேக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் மீட்புப் பக்கம் வரும். உள்ளே போக முடிந்தால் பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்திவிடாதீர்கள். திருடன் தன் ஈமெயிலையோ நம்பரையோ சேர்த்திருக்கிறானா பாருங்கள். எந்தெந்தப் போன்களில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலுக்குப் போய் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பலர் பார்க்கத் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. கணக்கு மையத்தில் யாரோ முன்பின் தெரியாதவரின் இன்ஸ்டகிராம் அம்மாவின் பேஸ்புக்கோடு இணைக்கப்பட்டிருக்கலாம். அதை அகற்றாவிட்டால், பாஸ்வேர்ட் மாற்றிய பிறகும் அவனுக்கு ஒரு பின்வாசல் திறந்தே கிடக்கும்.

அம்மாவின் கணக்கில் பதிந்த ஈமெயில் உங்களிடம் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். கணக்கின் ஈமெயிலையோ பாஸ்வேர்டையோ யாராவது மாற்றினால் பேஸ்புக் பழைய முகவரிக்கு அறிவிக்கும், "இது நான் இல்லை" என்று சொல்ல அதில் வழியும் இருக்கும். அந்தக் கடிதம் பேஸ்புக்மெயில் டொட் கொம் என்ற முகவரியில் இருந்து வரும். பார்த்தால் போலி மாதிரித் தெரியும், ஆனால் அது பேஸ்புக்கின் உண்மையான முகவரிதான்.

வன்னியில் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தடக்குகிறது. கணக்கைத் திறந்து கொடுத்தது சந்தியில் இருக்கும் கொம்யூனிகேஷன் கடைத் தம்பி. ஈமெயிலும் அவர் உருவாக்கியது, பாஸ்வேர்டும் அவர் வைத்தது. பதிந்த நம்பரோ, மகன் வெளிநாடு போகும் முன் பாவித்து, ரீலோட் போடாமல் விட்டு, செயலிழந்துபோன சிம். படத்துக்குப் பதில் ரோசாப்பூ அல்லது அம்மன் படம். பிறந்த திகதி வாயில் வந்த ஒன்று. பெண்கள் தங்கள் படத்தையும் சரியான பெயரையும் போடாமல் விடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீட்பதற்கு அடையாள அட்டையைக் கேட்கும் கட்டம் வந்தால், அட்டையில் உள்ள பெயரும் திகதியும் கணக்கோடு பொருந்தாது. படம் பூவாக இருக்கலாம், பிறந்த திகதியை யாருக்கும் காட்டாதபடி மறைத்தும் வைக்கலாம், ஆனால் பெயரும் பிறந்த திகதியும் மட்டும் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். வேறு வீடுகளில் இதை வாசிக்கிறவர்கள் இன்றே அம்மாவின் போனை வாங்கி, பதிந்த நம்பர் இப்போது போனில் இருக்கும் சிம்தானா என்று பாருங்கள்.

மீட்க முடியும் என்று நான் உறுதி தர மாட்டேன். பாஸ்வேர்டோடு, போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் (கோட்) கேட்பதுதான் இரட்டைச் சரிபார்ப்பு. திருடன் தன் போனில் அதைப் போட்டுவிட்டால் நிலைமை கடினம். பேஸ்புக்கின் மீட்பு வழியைத் தவிர வேறு வழி எவரிடமும் இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கணக்கு போய்விட்டது என்று எங்காவது எழுதிய உடனேயே "எனக்கும் போனது, இவர் எடுத்துத் தந்தார்" என்று யாரோ ஒருவரின் பெயரைப் போட்டுப் பதில்கள் வரும். அவர் முன்பணம் கேட்பார், பிறகு கோட் கேட்பார். அடிபட்டவரைத் தேடி வந்து இரண்டாவது தடவை அடிக்கும் கூட்டம் அது. உங்கள் கேள்விக்குக் கீழேயும் வரலாம், பதில் எழுதாதீர்கள்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. அந்தப் போலிப் பக்கத்தை அம்மாவால் கண்ணால் பார்த்துப் பிடித்திருக்க முடியுமா? நேர்மையாகச் சொன்னால், முடியாது. உண்மையான பக்கத்தின் படத்தையும் எழுத்தையும் அப்படியே பிரதி எடுத்துத்தான் வைக்கிறார்கள். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று முன்பு சொல்லிக் கொடுத்தார்கள், இன்றும் சில வகுப்புகளில் சொல்கிறார்கள். அது பிழை. உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போவதை வேறு யாரும் பார்க்க முடியாது என்பதை மட்டுமே அந்தப் பூட்டு சொல்லும். அந்தத் தளம் திருடனுடையதா என்பதை அது சொல்லாது. திருடனும் இலவசமாகவே அந்தப் பூட்டைப் பெறலாம். மக்கள் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள் என்றே 2023 இல் கூகுள் தன் குரோம் பிரவுசரில் அந்தப் படத்தை மாற்றியது. முகவரியை வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கலாம்: தொடக்கத்தில் வரும் https:// ஐ விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக, டொட் கொம் போன்ற முடிவோடு வரும் பெயர்தான் தளத்தின் சொந்தக்காரர். முன்னால் பேஸ்புக் என்று இருந்து, பிறகு புள்ளி வைத்து வேறு ஒரு பெயர் வந்து, அங்கே சாய்கோடு விழுந்தால் அது அந்த வேறு பெயர்க்காரனுடைய தளம். ஆனால் மெசஞ்சருக்குள் திறக்கும் பக்கத்தில் முகவரி சின்ன எழுத்தில், பாதி வெட்டுப்பட்டுத்தான் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா அதை வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆகவே நான் வயதானவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரே ஒரு பழக்கம்: ஒரு மெசேஜ் கூட்டிக்கொண்டு போன இடத்தில் பாஸ்வேர்டும் கோட்டும் வங்கி அட்டை இலக்கமும் போடுவதில்லை. பக்கம் உண்மையா பொய்யா என்று யோசிக்கவே வேண்டாம். லிங்கைத் தொட்டபின் பாஸ்வேர்ட் கேட்டால், பின்னால் வந்துவிடுவது. உங்கள் அம்மாவுக்கு நடந்ததைக் கிட்ட நின்று பாருங்கள். அவர் அந்த நேரம் மெசஞ்சருக்குள்தான் இருந்தார். கணக்கு ஏற்கனவே திறந்திருந்ததால்தான் சின்னம்மாவின் மெசேஜே வந்தது. உள்ளே நிற்கிறவரிடம், ஒரு வீடியோ காட்டுவதற்காக, திரும்பவும் உள்ளே வரச் சொல்லிக் கேட்கத் தேவையே இல்லை. அம்மாவாகவே அமைப்புகளுக்குள் போய் எதையாவது மாற்றும்போது பேஸ்புக் பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்கலாம், அது வேறு. யாரோ அனுப்பியதைத் தொட்டபின் கேட்டால் அது திருட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றை அம்மா பிடித்துக்கொண்டால் போதும். "உங்கள் பக்கம் விதியை மீறியது, 24 மணித்தியாலத்தில் மூடப்படும்" என்று கடைக்காரர்களின் பேஸ்புக் பக்கங்களுக்கு வரும் மிரட்டலும், தபால் திணைக்களத்தின் பெயரில் "பொதி வந்திருக்கிறது, முகவரியைத் திருத்துங்கள்" என்று வரும் மெசேஜும் இதே ஒரு பழக்கத்தால் பலிக்காமல் போய்விடும். மெசேஜின் மேலே தெரியும் அனுப்புநர் பெயரையும் போலியாக வைக்க முடியும். வங்கியின் உண்மையான மெசேஜ்களுக்குக் கீழேயே போலியும் வந்து உட்காரும்.

இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயம் போட்டுக் கொடுங்கள். ஆனால் அது எல்லாவற்றையும் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். இப்போதைய போலிப் பக்கங்கள் சில, நீங்கள் போடும் பாஸ்வேர்டை அந்தக் கணமே உண்மையான பேஸ்புக்கில் போட்டு, அங்கே இருந்து உங்களுக்கு வரும் கோட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். கோட்டை நீங்களே கையால் கொடுத்தால் எந்தச் சரிபார்ப்பும் நிற்காது. பாஸ்கீ என்று ஒன்று இருக்கிறது, விரல் அடையாளத்தாலோ போன் பூட்டாலோ உள்ளே போவது. அது உண்மையான தளத்தைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்யாது. வட்ஸ்அப்பில் 2023 இல் வந்தது, பேஸ்புக்கில் 2025 இல். போன் இடம் கொடுத்தால் அம்மாவுக்கு இதுவே சிறந்தது, நினைவில் வைக்கவும் ஒன்றுமில்லை.

வட்ஸ்அப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், அடுத்து அங்கேதான் வருவார்கள். தெரிந்தவரின் நம்பரில் இருந்து "மாறி உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டுது, அதை அனுப்பிவிடுங்கோ" என்று வரும். அந்த ஆறு இலக்கம் அம்மாவின் வட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கும் கோட். சில வேளை எட்டு எழுத்து, இலக்கம் கலந்த ஒரு கோட்டைத் தந்து, அம்மாவின் போனில் அடிக்கச் சொல்வார்கள். அடித்தால் அவர்களுடைய கணினி அம்மாவின் வட்ஸ்அப்போடு இணைந்துவிடும், அம்மாவின் போனில் வட்ஸ்அப் வழக்கம் போலவே வேலை செய்யும். அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தை இடைக்கிடை பாருங்கள், தெரியாதது இருந்தால் வெளியேற்றுங்கள். இருபடிச் சரிபார்ப்பில் 'பின்' எனப்படும் ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றைப் போட்டு, ஈமெயிலையும் சேருங்கள். வட்ஸ்அப் பறிபோனால், அதே நம்பரால் திரும்பப் பதிந்து எஸ்எம்எஸ்ஸில் வரும் கோட்டைப் போட்ட உடனே திருடன் வெளியே போவான். அவன் பின் போட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே இருக்க முடியாது. நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதாவது இலக்கத்தை டயல் பண்ணச் சொன்னால் செய்யக் கூடாது, அம்மாவுக்கு வரும் அழைப்புகளை வேறு நம்பருக்குத் திருப்பும் வேலை அது.

கோட்டை யாருக்கும் சொல்லக் கூடாது என்றால் எல்லா அம்மாக்களும் தலையாட்டுவார்கள். "மகன் கேட்டாலும் சொல்லக் கூடாது" என்று சொல்லிப் பாருங்கள், அங்கேதான் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைத்தான் நீங்கள் பேசித் தீர்க்க வேண்டும். மகனுக்கு உண்மையிலேயே தேவை என்றால், அம்மாவே மகனின் நம்பருக்கு எடுத்து, முகம் பார்த்துக் கதைக்கட்டும்.

காசு கேட்பது சின்னம்மாதானா என்று எப்படி அறிவது? முன்பு எழுத்து நடையே காட்டிக் கொடுக்கும். நம்மவர்கள் "எப்பிடிச் சுகம்" என்று கேட்கும் இடத்தில் "எப்படி இருக்கீங்க" என்று வரும், கனடாச் சித்தி திடீரென்று செந்தமிழில் எழுதுவார். இதை இப்போது நம்பியிருக்க முடியாது. பறித்த கணக்கில் பழைய உரையாடல் முழுதும் கிடக்கிறது, அதைப் பார்த்து அதே மாதிரி எழுதலாம், எழுதிக் கொடுக்க இயந்திரமும் இருக்கிறது. நேரத்தைப் பாருங்கள்: கோடையில் இங்கே காலை பத்து மணி என்றால் ரொறன்ரோவில் இரவு பன்னிரண்டரை. நித்திரை கொள்ளும் நேரத்தில் காசு கேட்டால் சந்தேகப்படலாம். ஆனால் இரவு வேலை செய்கிற உறவுகள் எத்தனையோ பேர், ஆகவே இதுவும் அரைகுறை அடையாளம்தான். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்கலாம், கிணற்றடியில் நின்ற மரம் எது என்கிற மாதிரி. அதைப் பற்றி மெசஞ்சரில் ஏற்கனவே கதைத்திருந்தால் திருடனுக்கும் தெரிந்திருக்கும். நான் முழுதாக நம்புவது ஒன்றைத்தான்: முன்பே போனில் சேமித்திருக்கும் நம்பருக்கு நாமே எடுப்பது. அவர்கள் தரும் புது நம்பருக்கு எடுக்கக் கூடாது. "இப்ப வேலையில நிற்கிறன், கதைக்க ஏலாது" என்றால், வேலை முடியும் வரை காசும் நிற்கட்டும். குரலைப் போலி செய்யும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது, அதனால் நமக்கு வரும் அழைப்பை விட நாம் எடுக்கும் அழைப்பே பாதுகாப்பு.

லிங்கைத் தொட்டதாலேயே போனுக்குள் வைரஸ் வந்துவிட்டதா என்றும் கேட்டிருந்தீர்கள். பாஸ்வேர்ட் கேட்கும் இந்த வகைப் பக்கத்துக்குப் போனைத் தாக்கத் தேவையில்லை, ஆகவே பெரும்பாலும் வந்திருக்காது. வெளிநாட்டில் இருந்து வந்த, பல வருடமாக அப்டேட் ஆகாத பழைய அன்ட்ரொயிட் என்றால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பிளே ஸ்டோருக்கு வெளியே ஏதாவது செயலியை இறக்கி நிறுவியிருந்தால் கதையே வேறு. படங்களைப் பிரதி எடுத்து வைத்துவிட்டுப் போனை முழுதாக அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள். அது வரைக்கும் அந்தப் போனில் வங்கிச் செயலியைத் திறக்க வேண்டாம்.

அந்த அக்காவின் 25,000 ரூபாய். இணையத்தில் அனுப்பும் காசு உடனுக்குடனேயே மற்ற வங்கிக்குப் போய்விடுகிறது, அங்கே இருந்து திருடன் அதை எடுத்துவிட்டால் திரும்புவது அரிது. ஆனாலும் அந்த அக்கா தன் வங்கிக்கு உடனே போன் எடுத்து, காசு போன கணக்கு மோசடிக் கணக்கு என்று அறிவிக்க வேண்டும். உரையாடலின் ஸ்கிரீன்ஷொட், கணக்கு இலக்கம், பற்றுச்சீட்டு எதையும் அழிக்க வேண்டாம். இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 என்ற இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம். பெண்களுக்கு இணையத்தில் வரும் தொல்லைகளுக்கு ஹிதவதி என்ற சேவை தமிழிலும் வழிகாட்டுகிறது. பொலிஸுக்கு அம்மாவும் அந்த அக்காவும் சேர்ந்தே போகட்டும், அம்மா கணக்குப் பறிபோனதற்கு, அக்கா காசு போனதற்கு. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, பிறர் போல் நடித்து ஏமாற்றுவதை 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் குற்றமாக்குகிறது. தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. வாசிக்க முடியாத மொழியில் எழுதியதில் அம்மா கையெழுத்து வைக்க வேண்டாம், தமிழில் எழுதும்படி கேளுங்கள். பொலிஸ் வாசலில் ஏற நம்மவர்களுக்கு இருக்கும் தயக்கம் எனக்குத் தெரியும். ஆனால் முறைப்பாடு பதிவில் இருந்தால்தான், நாளைக்கு அம்மாவின் பெயரில் வேறு யாரிடமாவது காசு பறிக்கப்பட்டால் அவர் தன் பக்கத்தைக் காட்ட முடியும்.

காசு போய்ச் சேர்ந்த கணக்கு பெரும்பாலும் உள்ளூர்ப் பெடியன் ஒருவனுடையதாக இருக்கும். "உன்ர வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்குத் தா, வாற காசில பங்கு தாறன்" என்று கேட்டு வாங்குகிறார்கள். வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் இதன் பாரதூரம் தெரியாமல் அட்டையையும் பின்னையும் தூக்கிக் கொடுக்கிறார்கள். முதலில் பிடிபடுவது அந்தப் பிள்ளைதான், திருடன் அல்ல. இதை வாசிக்கும் தாய் தகப்பன்மார் வீட்டில் உள்ள இளையவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். இதை நினைத்தால்தான் எனக்கு ஆகக் கவலை.

அக்காவுக்கு நீங்கள் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்குச் சட்ட விடை சொல்ல நான் சட்டத்தரணி அல்ல. என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். ஏமாந்தது இருவரும், எடுத்தது மூன்றாவது ஆள். இயன்றதைக் கொடுப்பது உங்கள் நல்ல மனம். ஆனால் அம்மா குற்றவாளி என்பது போல அது நடக்கக் கூடாது. அம்மாவோடு போய் அவருடைய வீட்டில் இருந்து கதையுங்கள்.

கணக்கு திரும்பாவிட்டால், உறவுகள் ஒவ்வொருவராக அந்தப் பழைய கணக்குக்குப் போய், மூன்று புள்ளியைத் தொட்டு, வேறொருவர் போல் நடிக்கிறது என்று முறையிடட்டும். புதிய கணக்கை அம்மாவின் சொந்த சிம்மில், அவர் பக்கத்தில் இருக்கத் திறங்கள். போனையும் செயலிகளையும் தமிழுக்கு மாற்றிவிடுங்கள், பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் தமிழில் கிடைக்கின்றன. சில சொற்கள் அம்மாவுக்குப் புதிதாக இருக்கும், முதல் வாரம் கூட இருந்து வாசித்துக் காட்டுங்கள். நண்பர் பட்டியலை வெளியாருக்குத் தெரியாமல் மறைத்துவிடுங்கள், யார் யாருக்கு உறவு என்று திருடன் அறிவது அங்கே இருந்துதான். மெசஞ்சரில் இப்போது சின்னம்மாவின் பெயரில் இருக்கும் பழைய கணக்கையும் அம்மா தடுத்து வைக்கட்டும், சின்னம்மா தானே போன் எடுத்து, கணக்கு தன் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லும் வரை.